மத வரைபடத்தில் நிறம் மாறும் இடமெல்லாம் போர்க்களமா?

உலக மதங்களின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஆப்பிரிக்காவின் வடபாதி இஸ்லாத்தின் நிறத்திலும் தென்பாதி கிறிஸ்தவத்தின் நிறத்திலும் இருக்கிறது, இரண்டும் சந்திக்கும் கோடு நைஜீரியாவின் நடுவே ஓடுகிறது, அங்கேதான் பல ஆண்டுகளாக ஊர்கள் எரிகின்றன. அப்படியானால் இரண்டு பெரிய மதங்கள் எல்லையில் உரசினால் மோதல் வந்தே தீருமா? உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேறு வேறு கடவுளை வணங்குகிறவர்கள் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தால் என்றைக்காவது ஒருநாள் வெட்டிக்கொள்வார்களா என்பதே அது. என் பதில் இல்லை என்பதுதான். ஆனால் 'மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை' என்று கைகழுவும் பதிலையும் நான் ஏற்பதில்லை. ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

எண்ணெய்ப் பணம் பெருகியிருந்த காலத்தில் நைஜீரியப் பள்ளிகள் இந்தியாவிலிருந்து நிறைய ஆசிரியர்களை அழைத்துக்கொண்டன. 1980களின் தொடக்கத்தில் அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன். நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஜோஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தினேன். திரும்பி வந்த பிறகு ஓய்வு பெறும்வரை கல்லூரியில் மக்கள்தொகைப் புவியியல்தான் என் பாடம். நான் அங்கே இருந்த காலத்தில் ஜோஸ் அமைதியான ஊர். பெருங்கலவரங்கள் எல்லாம் பிறகு வந்தவை. அவற்றை அறிக்கைகள், ஆய்வுகள், பழைய மாணவர்களின் கடிதங்கள் வழியாகவே அறிவேன். கண்ணால் கண்ட சாட்சி அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் வரைபடத்தையே கொஞ்சம் சந்தேகியுங்கள். ஒரு மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசும்போது அங்கே நூற்றுக்கு 55 பேர் ஒரு மதம், 45 பேர் இன்னொரு மதம் என்றாலும் 45 பேர் காணாமல் போய்விடுகிறார்கள். நைஜீரியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கடைசியாகக் கேட்கப்பட்டது 1963இல். அப்போது ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 35 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், மீதிப் பேர் பழைய வழிபாடுகளைச் சார்ந்தவர்கள் என்று வந்தது. அந்தக் கணக்கின்மீதே பெரும் தகராறு எழுந்தது. 1991, 2006 கணக்கெடுப்புகளில் மதம், இனம் இரண்டையும் கேட்காமலே விட்டுவிட்டார்கள். ஆகவே இன்று நீங்கள் இணையத்தில் காணும் ஒவ்வொரு விழுக்காடும் மாதிரி ஆய்விலிருந்து ஊகித்தது. இரண்டு மதத்தவரும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிறார்கள் என்பதுவரை நம்பலாம். அதற்கு மேல் யாராவது துல்லியமாக ஓர் எண் சொன்னால் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றும் பாருங்கள்.

இனி அந்தக் கோடு எப்படி வந்தது என்று பார்ப்போம். இஸ்லாம் அங்கே சகாராவைக் கடந்த வணிகர்களோடு வந்தது. சாட் ஏரிக் கரையின் கானெம் அரசில் 11ஆம் நூற்றாண்டிலேயே அது வேர்விட்டிருந்தது. வடக்கின் பெரிய இனமான ஹவுசா மக்களின் கானோ, கட்சினா போன்ற நகரங்களில் அடுத்த சில நூற்றாண்டுகளில் பரவியது. 1804இல் உஸ்மான் டான் ஃபோடியோ என்ற ஃபுலானி இனத்து இஸ்லாமிய அறிஞர் தொடங்கிய போர் சொகோட்டோ கலிபா ஆட்சியை உருவாக்கியது. அந்த ஆட்சியின் பலம் குதிரைப்படை. தெற்கே ஈரக் காடுகள் தொடங்கும் இடத்தில் செட்சி ஈ இருக்கிறது. அது கடித்தால் குதிரையும் மாடும் நோயில் விழும். செட்சி இல்லாத ஜோஸ் பீடபூமியோ 1,200 மீட்டர் உயரத்தில், பாறையும் முகடுமாகக் கிடக்கிறது. அங்கே பெரோம் போன்ற சிறு இனத்தவர் வீட்டையும் ஊரையும் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கள்ளியை நெருக்கி நட்டு வைத்திருந்தார்கள். நம் ஊர்க் கள்ளியின் உறவுதான். ஒடித்தால் அதே பால், கண்ணில் பட்டால் அதே எரிச்சல். அந்த வேலிகளின் மிச்சத்தை நானே பார்த்திருக்கிறேன். ஒருவர் மட்டும் குனிந்து போகக்கூடிய சந்து. குதிரை நுழைய வழியே இல்லை. அடிமை பிடிக்க வந்த படைகளை அந்த வேலி தடுத்தது. அன்றைய இஸ்லாமிய அரசின் தெற்கு எல்லையைப் பெருமளவு தீர்மானித்தவை ஈயும் பாறையும் கள்ளியும்தான்.

கிறிஸ்தவம் எதிர்த்திசையில், கடற்கரையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது. 1903இல் சொகோட்டோவை வென்ற பிரிட்டிஷார் அங்கிருந்த முஸ்லிம் ஆட்சியாளர்களான அமீர்களை வைத்தே ஆட்சி நடத்தினார்கள். அமீர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக முஸ்லிம் பகுதிகளில் பாதிரிமார்களைக் கட்டுப்படுத்தினார்கள். மிஷன்கள் நடுப்பகுதிக் குன்றுகளுக்குப் போய்ப் பள்ளியும் மருத்துவமனையும் கட்டின. முன்பு குதிரைப்படைக்குப் பயந்து ஒளிந்திருந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் படித்துக் கிறிஸ்தவர்களானார்கள். இதுவரை சொன்னவற்றில் ஆய்வாளர்களுக்கிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மதத்தின் எல்லையும், பழைய அடிமை வேட்டையின் நினைவும், யார் படித்தவர் யார் படிக்காதவர் என்ற வேறுபாடும் அங்கே ஒரே கோட்டின்மேல் விழுந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதே நாட்டின் தென்மேற்குக்கு வாருங்கள். யொரூபா மக்களின் நாடு அது. லாகோஸ், இபாடான், ஒசோக்போ எல்லாம் அங்கேதான். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அங்கே பெருந்தொகையாக, ஒரே தெருவில், பல குடும்பங்களில் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். அண்ணன் பள்ளிவாசலுக்கும் தம்பி தேவாலயத்துக்கும் போவது அங்கே செய்தியே அல்ல. 2023இல் அதிபரான போலா டினுபு முஸ்லிம். அவர் மனைவி ஒலுரெமி ஒரு பெந்தெகொஸ்தே சபையில் போதகர். ஒசோக்போவில் ஒசுன் தெய்வத்தின் காடு இருக்கிறது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அந்தக் காட்டின் திருவிழாவை ஊர் முழுதும் தன் விழாவாக நினைக்கிறது. இரண்டு மதங்கள் நெருங்கியிருப்பதே மோதலுக்குப் போதுமான காரணம் என்றால், நைஜீரியாவிலேயே மிக மோசமாக எரிந்திருக்க வேண்டியது யொரூபா நாடுதான். எரியவில்லை. பூசல் இல்லாமல் இல்லை. 2016இல் ஒசுன் மாநிலத்தில் பள்ளி மாணவியர் ஹிஜாப் அணியலாம் என்று நீதிமன்றம் சொன்னபோது, சில கிறிஸ்தவ மாணவர்கள் எதிர்ப்பாகத் தேவாலயப் பாடகர் அங்கியோடு வகுப்புக்கு வந்தார்கள். அந்தப் பிணக்கு வழக்கும் வாக்குவாதமுமாகவே நின்றது.

ஏன் இந்த வேறுபாடு? யொரூபாக்காரர்களுக்குப் பூர்வீக ஊரும் அந்த ஊரின் அரசரும் முதல் அடையாளம், மதம் அடுத்ததுதான் என்பது ஒரு விளக்கம். மதங்கள் இரண்டும் ஒரே ஊர்களுக்குள், ஒரே வம்சங்களுக்குள் பரவின, ஒன்று ஆண்டவர்களுடையது மற்றது ஆளப்பட்டவர்களுடையது என்ற பிரிவு அங்கே உண்டாகவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது விளக்கமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்; ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜோஸுக்குத் திரும்புவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீடபூமியில் வெள்ளீயச் சுரங்கங்கள் திறந்தன. கூலிக்கும் வியாபாரத்துக்கும் ஹவுசாக்காரர்கள் வடக்கிலிருந்தும், இக்போ, யொரூபா மக்கள் தெற்கிலிருந்தும் வந்தார்கள். அப்படி வளர்ந்த நகரம் ஜோஸ். 1940கள் வரை அங்கே நகரத் தலைவர்களாக ஹவுசாக்காரர்களே இருந்தார்கள். 'நாங்கள் கட்டிய ஊர், எங்கள் தாத்தா தலைவராக இருந்த ஊர்' என்று ஹவுசாக்காரர் சொல்வது பொய்யல்ல. 'மண் எங்களுடையது, வெள்ளைக்காரன் உங்களைக் கொண்டுவந்து எங்கள் தலைமேல் வைத்தான்' என்று பெரோம்காரர் சொல்வதும் பொய்யல்ல. இரண்டு உண்மைகளும் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவை கத்தி எடுத்தது, அரசாங்கம் ஒரு காகிதத்தை நுழைத்த பிறகுதான் என்பது என் கணிப்பு.

அந்தக் காகிதம்தான் பூர்விகச் சான்றிதழ். நைஜீரியாவில் ஒருவர் எந்த மாநிலத்தின் பூர்வகுடி என்பதை அவருடைய பூர்வீகத்தை வைத்து உள்ளூராட்சி மன்றம் எழுதித் தரவேண்டும். அரசு வேலை, பல்கலைக்கழக இடம், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். நம் ஊரில் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நின்றவர்களுக்கு அதன் அருமை புரியும். ஆனால் அரசியலமைப்புச் சட்டம் யார் பூர்வகுடி என்று தெளிவாக வரையறுக்கவில்லை. முத்திரை யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் வரையறை. பின்னாளில் என் பழைய மாணவர் ஒருவர் எழுதினார். ஹவுசாக்காரர்; அவர் தாத்தாவே ஜோஸில் பிறந்தவர். மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சான்றிதழ் கேட்டுப் போனால் அலுவலகத்தில், உங்கள் முன்னோர் கானோக்காரர்கள், அங்கே போய் வாங்குங்கள் என்றார்களாம். கானோவுக்குப் போனால் அங்கே இவர்களை யாருக்கும் தெரியாது. நல்ல உயரமான பையன், கூடைப்பந்து விளையாடுவான், அவனை எந்த ஊர்க்காரன் என்று சொல்வது என்று கேட்டிருந்தார். அதே காலத்தில் எழுதிய பெரோம் மாணவரின் அச்சமும் எனக்குப் புரிந்தது: எண்ணிக்கையில் சிறிய இனம் நாங்கள், வந்தவர்களுக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்தால் பத்தே ஆண்டுகளில் எங்கள் மாநிலத்தில் எங்களுக்கே இடமிருக்காது.

1991இல் ராணுவ அரசு ஜோஸ் வடக்கு என்று தனி உள்ளூராட்சிப் பகுதியை உருவாக்கியது. முத்திரை யார் கையில் என்ற போட்டிக்கு அதிலிருந்து ஒரு களம் கிடைத்தது. 1994இல் ஒரு நியமனத்தை ஒட்டிக் கலவரம். 2001இல் வறுமை ஒழிப்புத் திட்டத்தின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக ஒரு ஹவுசா முஸ்லிம் நியமிக்கப்பட்டதை எதிர்த்துப் பதற்றம் ஏறி, செப்டம்பர் 7 வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் வெடித்து, ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 1,000 பேர் வரை இறந்தார்கள். 2008 நவம்பரில் அதே ஜோஸ் வடக்கில் உள்ளூராட்சித் தேர்தல் முடிவையொட்டி மீண்டும் நூற்றுக்கணக்கானோர். 2010இல் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்துகொண்டன. பொறி எங்கே விழுந்தது பாருங்கள்: நியமனம், தேர்தல், பதவி. வேதத்தின் ஒரு வசனத்துக்காக யாரும் தொடங்கவில்லை. ஆனால் தொடங்கிய பிறகு தேவாலயங்களும் பள்ளிவாசல்களும்தான் எரிந்தன. இனத்தை விசாரித்துக்கொண்டிருக்க நேரமில்லாத இடத்தில் மதம் ஒரே வீச்சில் ஆளைப் பிரித்துக் கொடுத்தது. பெரோம்காரரும் இக்போக்காரரும் பூர்விக விஷயத்தில் ஒரே பக்கம் அல்லர். கலவரத்தில் இரண்டு பேரும் 'கிறிஸ்தவர்கள்' ஆகிவிட்டார்கள்.

கிராமங்களில் நடப்பது வேறு கதை. அதன் மூலம் மாடும் நீரும். செட்சி ஈ இல்லாத, நல்ல புல் உள்ள பீடபூமிக்கு ஃபுலானி மேய்ப்பர்கள் நூறாண்டுக்கு முன்பே வந்தார்கள். அறுவடை முடிந்த வயலில் மாடு தாளை மேயும், சாணம் வயலுக்கு உரமாகும். இருவருக்கும் ஆதாயம் என்ற ஏற்பாடு அது. பிறகு கைவிடப்பட்ட வெள்ளீயக் குழிகளில் தேங்கிய நீரைப் பாய்ச்சிக் கோடையிலும் தக்காளியும் உருளைக்கிழங்கும் பயிரிட ஆரம்பித்தார்கள். விவசாயிக்கு நல்ல வருமானம். ஆனால் மாடு தண்ணீருக்குப் போகும் வழியில் இப்போது பயிர் நிற்கிறது. வடக்கே வறட்சி, மேய்ச்சல் தடங்கள் வயலாகிவிட்ட நிலை, மலிந்துபோன துப்பாக்கி எல்லாம் இதன்மேல் ஏறின. மேய்ப்பர் முஸ்லிம், விவசாயி கிறிஸ்தவர் என்பதால் வெளியுலகம் இதை மதப்போர் என்கிறது. சொந்தக்காரர்களைப் புதைத்தவர்கள் அப்படி நினைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வடமேற்கில் சம்ஃபாரா மாநிலத்தைப் பாருங்கள். அங்கே ஹவுசா விவசாயிகளும் முஸ்லிம்கள், ஃபுலானி மேய்ப்பர்களும் முஸ்லிம்கள். அங்கும் அதே போல ஊர்கள் சூறையாடப்படுகின்றன, ஆட்கள் கடத்தப்படுகிறார்கள். மதம் ஒன்றாக இருந்தும் அங்கே கொலை நிற்கவில்லை.

மதமே நேரடிக் காரணமான நிகழ்வுகளையும் மறைக்கக் கூடாது. 1999இல் தொடங்கி வடக்கின் 12 மாநிலங்கள் குற்றவியல் சட்டத்திலும் ஷரியத்தைக் கொண்டுவந்தன. அதை ஒட்டி 2000இல் கடுனா நகரத்தில் இரண்டு சுற்றுக் கலவரங்களில் குறைந்தது 2,000 பேர் இறந்தார்கள். பழிக்குப் பழியாகத் தென்கிழக்கின் அபா நகரத்தில் ஹவுசாக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். 2006இல் டென்மார்க் பத்திரிகையில் வந்த நபிகள் நாயகத்தின் கேலிச்சித்திரங்களுக்காக வடகிழக்கின் மைதுகுரியில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட, தென்கிழக்கின் ஒனிட்ஷாவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 2009இல் கிளர்ந்த போகோ ஹராம் என்ற ஆயுதக் குழுவை நிலத் தகராறு என்று யாரும் சொல்ல முடியாது. அதன் கொள்கை வெளிப்படையானது. தங்களோடு சேராத முஸ்லிம்களையே பெருந்தொகையில் கொன்றது என்பதும் அதே அளவு உண்மை. நிலமும் பதவியும் ஊருக்கு ஊர் வேறு. மதம் எல்லா ஊருக்கும் பொது. ஜோஸில் விழுந்த அடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உள்ளவனுக்கு வலிக்க வைப்பது அதுதான்.

கடுனாவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2000க்கு முன்பு கலந்து வாழ்ந்த நகரம் அது. கலவரத்துக்குப் பிறகு ஆற்றுக்கு வடக்கே பெரும்பாலும் முஸ்லிம்கள், தெற்கே பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் என்று ஆகிவிட்டது. இன்று அந்நகரத்தை வரைந்தால் அழகாக இரண்டு நிறம் வரும். பார்க்கிறவர், எல்லை இருக்கிறது, அதனால் சண்டை என்பார். நடந்தது நேர்மாறு. போஸ்னியாவில் 1991 கணக்கெடுப்பின்படி வரைந்த படம் புள்ளிப் புள்ளியாகக் கலந்திருக்கும். 1995இல் போர் முடிந்தபோது நிறங்கள் பிரிந்திருந்தன. பெல்ஃபாஸ்டின் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் தெருக்களுக்கு இடையே உள்ள சுவர்கள் 1969இல் கலவரத்துக்குப் பின் எழுந்தவை. வகுப்பில் இதை நான் வருடம் தவறாமல் சொல்வேன்: நிறம் பிரியும் கோட்டைக் கண்டால் அது எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்று முதலில் தேடு.

நெருக்கத்தில் வாழ்ந்தும் தப்பித்த இடங்கள் ஜோஸிலேயே உண்டு. டாடின் கோவா என்ற கலப்புக் குடியிருப்பில் 2001, 2008, 2010 எந்தக் கலவரத்திலும் கொலை நுழையவில்லை. இரு மதத் தலைவர்களும் இளைஞர்களைப் பிடித்து வைத்தார்கள், வதந்தி வந்தால் உடனே சரிபார்த்தார்கள், வெளியாட்களை உள்ளே விடவில்லை. இதுவரை உறுதி. அங்கே முடிந்தது பக்கத்துப் பகுதிகளில் ஏன் முடியவில்லை என்பதற்குத் தலைவர்களின் உறுதி என்றும், கலந்து வாழ்ந்ததன் ஆதாயம் என்றும், வெறும் நல்வாய்ப்பு என்றும் பலவாறு சொல்கிறார்கள். 2018 ஜூனில் பர்கின் லாடிப் பகுதியின் ங்கார் கிராமத்தில் முதியவரான இமாம் அபுபக்கர் அப்துல்லாஹி, தாக்க வந்தவர்களிடமிருந்து 250க்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்களைத் தன் வீட்டிலும் பள்ளிவாசலிலும் ஒளித்துக் காப்பாற்றினார். ஏன் என்று கேட்டபோது, அந்தப் பள்ளிவாசல் கட்ட நிலத்தைப் பல்லாண்டுகளுக்கு முன் இலவசமாகக் கொடுத்தவர்கள் அந்தக் கிறிஸ்தவர்கள்தான் என்றார். கடுனாவில் போதகர் ஜேம்ஸ் வுயேவும் இமாம் முஹம்மது அஷாஃபாவும் 1990களின் தொடக்கத்தில் எதிரெதிர்ப் படைகளின் தலைவர்கள். வுயே ஒரு கையை இழந்தவர். அஷாஃபா தன் ஆசிரியரையும் உறவினர்களையும் இழந்தவர். 1995 முதல் இருவரும் சேர்ந்து சமரசப் பணி செய்கிறார்கள்.

இது தீருமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். பூர்விகத்துக்குப் பதிலாக, இத்தனை ஆண்டு குடியிருந்தால் முழு உரிமை என்று சட்டத்தை மாற்றும் யோசனை நைஜீரிய நாடாளுமன்றத்தில் பலமுறை வந்திருக்கிறது. நான் அறிந்தவரை இன்னும் நிறைவேறவில்லை. எனக்கு அது சரியான வழியாகவே தெரிகிறது. என் மாணவரின் மகனைப் போன்றவர்களுக்கு வேறு வாசல் இல்லை. ஆனால் பெரோம் போன்ற சிறிய இனங்களின் நிலத்துக்கும் ஊர்த் தலைமைக்கும் தனிக் காப்பு எழுதாமல் அதை மட்டும் நிறைவேற்றினால், கள்ளி வேலிக்குப் பின்னால் நின்றவர்களின் அச்சம் திரும்பவும் எழும். அடுத்த கலவரம் அதிலிருந்தே தொடங்கக்கூடும். இரண்டையும் ஒரே சட்டத்தில் எழுத வேண்டும்.